ஒளிபரப்பாளர் உரிமை உடன்படிக்கை: அலைக்கா, அலை சுமந்து வரும் படைப்புக்கா?

வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்கள் தாம் அனுப்பும் ஒலிபரப்பு, ஒளிபரப்புகளின் மீது உலகெங்கும் செல்லுபடியாகும் தனி உரிமைகளைப் பெறுவதற்காக முன்மொழியப்பட்ட பன்னாட்டு ஒப்பந்தமே ஒளிபரப்பு நிறுவனங்களின் பாதுகாப்புக்கான உடன்படிக்கை ஆகும். ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அமைப்புகளுள் ஒன்றான உலக அறிவுசார் சொத்து நிறுவனம் (விப்போ) இதற்கான பேச்சுகளை ஜெனீவாவில் 1998 முதல் நடத்தி வருகிறது. அதே நிறுவனத்தின் அதே குழு விவாதித்த வேறு இரண்டு உடன்படிக்கைகள் இடையில் நிறைவேறிவிட்டன. திரைக் கலைஞர்கள் உள்ளிட்ட நிகழ்த்துநர்களுக்கான பெய்ஜிங் உடன்படிக்கை 2012-இலும், பார்வையற்றோர் நூல்களைப் பெற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இலும் முடிந்தன. இது மட்டும் கால் நூற்றாண்டைக் கடந்தும் வரைவாகவே நிற்கிறது. அதற்குக் காரணம் சோம்பல் அன்று. எதைப் பாதுகாப்பது என்ற முதல் கேள்வியிலேயே நாடுகள் உடன்படவில்லை.

சமிக்ஞையும் உள்ளடக்கமும்

ஒரு நிகழ்ச்சி நம் வீட்டுக்கு வரும்போது இரண்டு பொருள்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று உள்ளடக்கம், அதாவது பாட்டு, நாடகம், திரைப்படம், பேச்சு. மற்றொன்று அதைச் சுமந்து வரும் மின்காந்த அலை. இதையே சமிக்ஞை, அதாவது சிக்னல் என்கிறோம். உள்ளடக்கத்தைப் படைத்தவருக்குப் பதிப்புரிமைச் சட்டம் ஏற்கெனவே பாதுகாப்பு அளிக்கிறது. நிகழ்ச்சியைத் தானே தயாரித்திருந்தால் ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் அந்தப் பதிப்புரிமை உண்டு. தான் படைக்காமல், கொண்டுவந்து மட்டும் சேர்க்கும் நிகழ்ச்சிகளின் மீதும் அந்த நிறுவனத்துக்கு உரிமை வேண்டுமா என்பதுதான் வழக்கு.

தபால்காரரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கடிதப் பையை வழியில் பறிப்பவனைத் தண்டிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இராது. ஆனால் கடிதம் வீடு வந்து சேர்ந்த பிறகு, அதைப் படியெடுக்க எழுதியவரிடம் மட்டுமல்லாமல் தபால்காரரிடமும் ஐம்பது ஆண்டுகளுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்றால்? முதலாவது, சமிக்ஞைத் திருட்டைத் தடுப்பது. இரண்டாவது, உள்ளடக்கத்தின் மீது புதியதோர் உரிமையை அடுக்குவது. பேச்சுவார்த்தை நெடுகிலும் இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்தே வந்தன.

ஒளிபரப்பு நிறுவனங்களின் பக்கமும் வலுவற்றதன்று. ஒரு விளையாட்டுப் போட்டியை நேரலையில் தர அவை உரிமைத்தொகை கட்டுகின்றன. படக்கருவிகள், பொறியாளர்கள், செயற்கைக்கோள் வாடகை என்று பெரும் பணம் செலவிடுகின்றன. 1999-இன் இறுதியில் கனடாவின் டொராண்டோவில் ஐகிரேவ்டிவி என்ற நிறுவனம், அமெரிக்க, கனடியத் தொலைக்காட்சி அலைவரிசைகளை அனுமதியின்றி அப்படியே இணையத்தில் ஓடவிட்டது. அமெரிக்க நீதிமன்றத்தின் தடையால் 2000-இன் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. இத்தகைய திருட்டு, போட்டி முடிவதற்குள் தடுக்கப்படாவிட்டால் பயனில்லை என்பது நிறுவனங்களின் வாதம்.

உரோமிலிருந்து மணிலா வரை

ஒளிபரப்பாளர்களுக்குப் பன்னாட்டு அளவில் முதன்முதலில் உரிமை அளித்தது 1961 அக்டோபர் 26 அன்று கையெழுத்தான உரோம் ஒப்பந்தம். இசைக் கலைஞர்கள், இசைத்தட்டுத் தயாரிப்பாளர்கள், ஒளிபரப்பு நிறுவனங்கள் ஆகிய மூவகையினரையும் அது ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. படைப்பாளியின் உரிமைக்கு அருகில் நிற்பவை என்பதால் இவை அண்டை உரிமைகள் எனப்பட்டன. பிற நிறுவனம் மறுஒளிபரப்புச் செய்வதையும், ஒளிபரப்பைப் பதிவு செய்வதையும், அனுமதியில்லாத பதிவுகளைப் படியெடுப்பதையும், கட்டணம் வாங்கும் பொது இடங்களில் தொலைக்காட்சி ஒளிபரப்பைக் காட்டுவதையும் தடுக்கும் உரிமை நிறுவனங்களுக்குக் கிடைத்தது. குறைந்தபட்சக் காலம் 20 ஆண்டுகள். கம்பியில்லா அலைவழி அனுப்புவது மட்டுமே அங்கு ஒளிபரப்பு. கம்பிவடத் தொலைக்காட்சிக்கு இடமில்லை; இணையம் அன்று பிறக்கவே இல்லை. அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. இந்தியா கையெழுத்திட்டது, ஆனால் பின்னேற்பு அளிக்கவில்லை.

செயற்கைக்கோள் வந்ததும் 1974-இல் பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம் உருவானது. இது புதிய உரிமை எதையும் தரவில்லை. நிகழ்ச்சி சுமந்துவரும் சமிக்ஞையை உரியவரல்லாதார் பரப்புவதைத் தடுக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நாடுகளைப் பணித்ததோடு நிறுத்திக்கொண்டது. குற்றவியல் சட்டமா, தொலைத்தொடர்புச் சட்டமா, வழியை அந்தந்த நாடே தேர்ந்துகொள்ளலாம். பின்னாளில் சமிக்ஞையை மட்டும் காப்பது என்று வாதிட்டவர்கள் சுட்டிக்காட்டிய முன்மாதிரி இதுவே. ஆனால் பொதுமக்கள் நேரடியாகப் பெறும் செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு அது பொருந்தாது என்று அதன் 3-ஆம் விதி விலக்கிவிட்டது. வீட்டுக் கூரைகளில் டிஷ் வந்தபின் அந்த ஒப்பந்தத்தின் வீச்சு வெகுவாகச் சுருங்கியது.

உலக வணிக அமைப்போடு சேர்ந்து 1994-இல் வந்த டிரிப்ஸ் ஒப்பந்தமும் 20 ஆண்டுக் காலத்தையே ஏற்றது. அதிலும் ஒரு நெகிழ்வு இருந்தது. ஒளிபரப்பு நிறுவனத்துக்கு உரிமை தர விரும்பாத நாடு, உள்ளடக்கத்தின் பதிப்புரிமையாளருக்கு அதே பாதுகாப்பை அளித்தால் போதும். 1996 டிசம்பரில் விப்போ இணையக் காலத்துக்கேற்ப இரண்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றியது. எழுத்தாளர்களுக்கு ஒன்று, இசை நிகழ்த்துநர்களுக்கும் ஒலிப்பதிவாளர்களுக்கும் மற்றொன்று. உரோமின் கூரைக்குக் கீழ் இருந்த மூவரில் ஒளிபரப்பாளர் மட்டும் விடுபட்டனர். அந்தக் குறையைச் சொல்லித்தான் 1997 ஏப்ரலில் மணிலாவில் நடந்த விப்போ கருத்தரங்கில் புதிய உடன்படிக்கைக்கான குரல் எழுந்தது. அடுத்த ஆண்டு பதிப்புரிமை மற்றும் தொடர்புடைய உரிமைகளுக்கான நிலைக்குழு அமைந்தது.

ஐம்பது ஆண்டுக் கோரிக்கை

ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தில் உள்ள 50 ஆண்டுக் காலத்தை உலகுக்கும் முன்மொழிந்தது. அமெரிக்கா 2002-இல் ஒரு படி மேலே சென்று, இணையவழி ஒளிபரப்புவோருக்கும் இதே உரிமைகள் வேண்டும் என்றது. இவற்றையெல்லாம் திரட்டி 2004-இல் ஒருங்கிணைந்த வரைவு வெளிவந்தது. அதில் மறுஒளிபரப்பு மட்டுமா இருந்தது? பதிவு செய்தல், படியெடுத்தல், விநியோகித்தல், பதிவு செய்ததை மீண்டும் அனுப்புதல், விரும்பும் நேரத்தில் பார்க்கும்படி வைத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை இருந்தது. படியெடுப்பைத் தடுக்கும் மின்னணுப் பூட்டுகளை உடைப்பதற்கு எதிரான விதியும் இருந்தது. ஒரு கணத்தில் தோன்றி மறைவது சமிக்ஞை. அதற்கு ஐம்பது ஆண்டு ஆயுள் எதற்கு? காக்கப்படுவது சமிக்ஞை அன்று, அதிலிருந்து எடுத்த பதிவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதன் விளைவைத் தமிழருக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். பாரதியின் பாடல்களுக்கான ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏ. வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. நூல் வெளியிடும் உரிமை வேறிடத்தில் இருந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. இன்று யாரும் அவற்றைப் பாடலாம், அச்சிடலாம். ஒரு பாடகர் அவற்றுள் ஒன்றைத் தொலைக்காட்சியில் பாடுகிறார். அந்தப் பதிவை எவரும் பயன்படுத்தலாம் என்று மனமுவந்து இசைவும் தருகிறார் என்று கொள்வோம். பாட்டு பொதுச்சொத்து, பாடியவரும் தடை சொல்லவில்லை. என்றாலும், 2004 வரைவின்படி, ஒளிபரப்பிலிருந்து அதைப் பதிவு செய்து வகுப்பறையிலோ இணையத்திலோ போட வேண்டுமென்றால் தொலைக்காட்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அந்த ஒளிபரப்பின் பதிவு மட்டுமே எஞ்சியிருந்தால் பொதுச்சொத்துக்குப் பூட்டுப் போட்டது போலத்தான். படைப்பாளியே தாராளமாகப் பகிரச் சொல்லி வெளியிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆக்கங்களுக்கும் இதே நிலை.

நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் எதிர்ப்பில் முன்னின்றதற்கு இதுவே காரணம். மின்னணுப் பூட்டு விஷயத்தில் அவர்களுக்கு முன்அனுபவமும் இருந்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், எண்முறைத் தொலைக்காட்சிக் கருவிகள் அனைத்தும் ஒளிபரப்புடன் வரும் தடைக்குறிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 2003-இல் விதி செய்தது. அமெரிக்க நூலகச் சங்கம் வழக்குத் தொடுத்தது. நிகழ்ச்சி வந்து சேர்ந்த பிறகு கருவி என்ன செய்யவேண்டும் என்று கட்டளையிட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2005 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. உள்நாட்டில் தோற்றது பன்னாட்டு வழியாகத் திரும்பி வருமோ என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

வளரும் நாடுகளிலிருந்தும் மாற்று முன்மொழிவுகள் வந்தன. கல்வி, நூலகம், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான விதிவிலக்குகளை நிலைக்குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்க வேண்டும் என்று சிலி 2004-இல் கேட்டது. பிரேசில் மறு ஆண்டு அறிவைப் பெறும் உரிமையையும் பண்பாட்டுப் பன்மையையும் காக்கும் விதிகளைக் கோரியது.

2007-இல் முறிந்த பேச்சு

இணைய ஒளிபரப்பைப் பெரும்பாலான நாடுகள் ஏற்காததால் 2006-இல் அது தனியே பிரிக்கப்பட்டது. அந்த ஆண்டு கூடிய விப்போ பொதுப்பேரவை, உடன்படிக்கையை இறுதி செய்யும் மாநாட்டை 2007-இன் இறுதியில் கூட்டலாம் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது. சமிக்ஞையை அடிப்படையாகக் கொண்ட அணுகுமுறையில், நோக்கம், எல்லை, பாதுகாக்கப்படும் பொருள் ஆகியவை குறித்து முதலில் உடன்பாடு வேண்டும் என்பதே அது. சனவரியிலும் சூனிலும் இரண்டு சிறப்பு அமர்வுகள் நடந்தன. உடன்பாடு வரவில்லை. மாநாடு கூடாமலே போயிற்று. ஒரே சொற்றொடரை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டு இரு வேறு பொருளில் படித்தன என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் நிலைப்பாடு

மரபுவழி ஒளிபரப்புக்கு மட்டும், சமிக்ஞையை மட்டும் காக்கும் உடன்படிக்கை போதும். இணையம் வேண்டாம் என்பது இந்தியா தொடர்ந்து எடுத்த நிலை. உள்நாட்டுச் சட்டமோ முற்றிலும் அப்படியில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 25 ஆண்டுக்கால மறுஆக்க உரிமை தருகிறது. பதிவு செய்வதும் அதில் அடங்கும். எனினும் 39-ஆம் பிரிவு சொந்தப் பயன்பாடு, நேர்மையான கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு வழிவிடுகிறது. நடப்புச் செய்தியிலும் விமர்சனத்திலும் சிறு பகுதிகளைப் பயன்படுத்தவும் இடம் உண்டு. பூட்டும் சாவியும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. உலக வரைவுகளில் பூட்டு கட்டாயமாகவும் சாவி நாடுகளின் விருப்பமாகவும் இருந்ததே சிக்கல்.

மற்றொரு காரணமும் உண்டு. வானலைகள் பொதுச்சொத்து என்று கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஜெனீவாவில் பேச்சு முறிந்த அதே 2007-இல் இந்திய நாடாளுமன்றம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுப் போட்டிகளின் சமிக்ஞையைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இயற்றியது. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75 விழுக்காடு, பிரசார் பாரதிக்கு 25 விழுக்காடு. கட்டணம் கட்ட இயலாத வீடுகளிலும் ஆட்டத்தைப் பார்க்க வழிசெய்த சட்டம் இது. விதிவிலக்கற்ற பன்னாட்டுத் தனியுரிமை ஒன்று வந்திருந்தால் இத்தகைய சட்டங்களுக்குச் சோதனை வந்திருக்கும்.

பிந்தைய வரைவுகள்

2011-இல் தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும் சேர்ந்து புதிய வரைவைத் தந்து பேச்சை உயிர்ப்பித்தன. 2020-21 காலத்துக்குள் முடிக்க முயலலாம் என்று 2019-இல் பொதுப்பேரவை கூறியது. கொரோனாப் பெருந்தொற்றால் அதுவும் தள்ளிப்போயிற்று.

இதற்கிடையில் மேற்காசியாவில் மிகப் பெரிய சமிக்ஞைத் திருட்டு நடந்தது. கத்தாரின் பீஇன் விளையாட்டு ஒளிபரப்பை 2017 முதல் பீஅவுட்கியூ என்ற பெயரில் திருடி விற்றார்கள். கத்தார் உலக வணிக அமைப்பிடம் முறையிட்டது. குற்றவியல் நடவடிக்கை எடுக்கத் தவறிய சவூதி அரேபியா டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 61-ஆம் விதியை மீறியது என்று 2020 சூனில் விசாரணைக் குழு அறிவித்தது. புதிய உடன்படிக்கை இருந்திருந்தால் திருட்டு விரைவில் நின்றிருக்கும் என்று ஒரு தரப்பு இதைக் காட்டுகிறது. அது இல்லாமலேயே, ஏற்கெனவே உள்ள பதிப்புரிமை விதியைக் கொண்டு தீர்ப்புப் பெற முடிந்ததே என்று மறுதரப்பு அதே வழக்கைக் காட்டுகிறது. இங்கு மறுதரப்பின் வாதமே வலுவாகத் தோன்றுகிறது. அங்கு இல்லாதிருந்தது சட்டமன்று, அதை நடைமுறைப்படுத்தும் மனம்.

2022-லும் 2023-லும் நிலைக்குழுவின் தலைமை திருத்திய வரைவுகளை வெளியிட்டது. காக்கப்படுவது நிகழ்ச்சி சுமந்துவரும் சமிக்ஞையே, நிகழ்ச்சி அன்று என்று அவை சொல்கின்றன. ஆனால் ஒளிபரப்பைப் பதிவு செய்வதைத் தடுக்கும் உரிமையும், நிறுவனங்கள் சேமித்துவைத்த நிகழ்ச்சிகளை இணையவழி அனுப்புவதற்கான பாதுகாப்பும் அவற்றில் தொடர்கின்றன. கல்விக்கும் நூலகங்களுக்குமான விதிவிலக்குகளை நாடுகள் விரும்பினால் செய்துகொள்ளலாம் என்ற அளவிலேயே விட்டிருக்கிறார்கள். அவற்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் தொடர்கிறது.