விளக்கு அணையாத நஞ்சு: நிலத்தடிச் சுரங்கங்களில் மூச்சுக் காப்பின் வரலாறு

கெங்குவார்பட்டி போன்ற கிணற்றுப் பாசன ஊர்களில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் அறியப்பட்ட வழக்கம் ஒன்றுண்டு. நெடுநாள் புழங்காத கிணற்றில் ஆள் இறங்குமுன், எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பர். சுடர் அணைந்தால் இறங்கலாகாது. ஆக்சிஜன் குறைந்திருப்பதை இச்சோதனை காட்டிவிடும். கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. ஆளைக் கொல்லும் அளவில் அவ்வாயு கலந்த காற்றிலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். நிறமும் மணமுமற்ற இவ்வாயுவை எதிர்கொள்ள உருவான கருவிகள், உள்ளே உழைப்பவரைவிட அவரை மீட்க வருபவரையே முதலில் சென்றடைந்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஹம்ப்ரி டேவி 1815இல் அமைத்த காப்பு விளக்கில் மீத்தேன் இருப்பின் சுடர் நீண்டு நீலம் பூக்கும். ஆயினும், வெடிவிபத்தில் இறந்தோருள் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, கார்பன் மோனாக்சைடே என ஜான் ஸ்காட் ஹால்டேன் 1896இல் நிறுவினார். மனிதனுக்கு முன்பே மயங்கிவிழும் சிற்றுயிர்களை உடன்கொண்டு செல்லுமாறு அவர் கூறியதன் விளைவே கேனரிப் பறவை. பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அது பணியில் இருந்தது.

ஹென்றி ஃபிளியஸ் உருவாக்கிய ஆக்சிஜன் கருவி 1880இல் இங்கிலாந்தின் சீஹாம் சுரங்க விபத்தில் பயன்பட்டது. அது மீட்புக் குழுவினருக்கானது. தொழிலாளி நாள்முழுதும் இடுப்பில் சுமக்கத்தக்க சிறு கருவிக்கு வழிவகுத்தது, முதல் உலகப்போரின் இறுதியில் அமெரிக்காவில் உருவான ஹாப்கலைட். மாங்கனீசு டை ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் சேர்ந்த இக்கலவை, கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். ஈரம் பட்டால் செயலிழக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பயனற்றது. இன்னொரு சிக்கல் நுட்பமானது: நச்சு மிகுதியாக இருக்குமளவிற்கு உள்ளிழுக்கும் காற்றும் சூடேறும். பயிற்சியற்றவர் கருவி பழுதென்று எண்ணிக் கழற்றிவிடக்கூடும். அது சரியாக இயங்குவதன் அடையாளமே அச்சூடு.

இந்தியாவில் 1936 திசம்பரில் போய்டீ நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 209 பேர் மாண்டபின், 1939இல் மீட்பு விதிகள் வந்தன. தொழிலாளிக்குரிய தன்மீட்புக் கருவியோ, 1957ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகளில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட பிரிவின் வழியாகவே கட்டாயமாயிற்று. இடையே, 1965 மே 28 அன்று டோரிச் சுரங்கத்தில் 268 பேர் இறந்தனர்.

தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலின் நிலை வேறு. நிலக்கரிச் சுரங்கத்தின் மீத்தேன் அச்சம் அங்கு முதன்மையானதன்று. வெடிவைத்தபின் எழும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றோட்டத்தால் அகலும்வரை காத்திருப்பதே அத்தகைய சுரங்கங்களில் முதற்காப்பு. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தின் வெப்பத்தில் முகமூடியணிந்து பாறை துளைப்பதை எளிதில் எதிர்பார்க்கவியலாது. வாயு அகன்றபின்னும் தூசி எஞ்சியது. 1940களில் அங்கு ஆராயப்பட்ட 7,653 தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினர்க்குச் சிலிக்கோசிஸ் கண்டறியப்பட்டது. இத்தூசியும் விளக்கை அணைப்பதில்லை. பறவையை உடனே வீழ்த்துவதுமில்லை. தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சிலிக்கோசிஸோ, தூசியினின்று விலகிய பின்னரும் நுரையீரலில் முற்றும் இயல்புடையது.