படிநிலை ஏற்றமும் பாத்திரமேற்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கலைவடிவம் தோன்றிய காலத்தில் அதனோடு இணைந்த ஓர் அம்சம், காலப்போக்கில் அவ்வடிவத்தின் உயிர்நிலையாகவே கருதப்படுதல் வரலாற்றிற் புதியதன்று. பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டுகளிற் காணப்படும் 'படிநிலை ஏற்றம்' அத்தகையதே. எதிரிகளை வென்று அனுபவப் புள்ளிகளைச் சேர்த்தல், புள்ளிகள் பெருகப் படிநிலை உயர்தல், அதனாற் பாத்திரம் வலுப்பெறுதல் ஆகியனவே இவ்விளையாட்டுகளின் இலக்கணம் என்பது பரவலான எண்ணம். இவ்வெண்ணம் மீளாய்வுக்குரியது என்பது எமது கருத்து.

இவ்விலக்கணத்தின் தோற்றுவாய் கணினியன்று. 1974இல் அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகியோர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலேயே அது வகுக்கப்பட்டது. போர்க்கள மாதிரி விளையாட்டுகளின் வழிவந்த அதில், கொல்லப்பட்ட அரக்கர் மாத்திரமன்றிக் கைப்பற்றப்பட்ட பொன்னும் அனுபவப் புள்ளியாகக் கணிக்கப்பட்டது. ஒன்பதாம் படிநிலையை எய்திய போர்வீரன் 'பிரபு' ஆனான். கோட்டை கட்டியபின் ஆள் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 10 பொற்காசு வீதம் குடிகளிடம் வரிபெறும் உரிமையும் அவனுக்கிருந்தது. செல்வம் அனுபவமாகிறது, அனுபவம் அதிகாரமாகிறது, அதிகாரம் மீண்டும் செல்வமாகிறது. நிலமானிய வேடம் பூண்டு நிற்பினும், இங்கு தொழிற்படுவது மூலதனத் திரட்டலின் தருக்கமே எனலாம்.

இதற்கு மாற்று இருக்கவில்லை எனல் பொருந்தாது. மூன்றாண்டுகளின்பின், 1977இல், மார்க் மில்லர் உருவாக்கிய 'ட்ரவலர்' வெளிவந்தது. அதில் அனுபவப் புள்ளியுமில்லை, படிநிலையுமில்லை. பாத்திரம் ஆட்டத்துள் நுழையும்போதே நான்காண்டுத் தவணைகளாகப் படையிலோ வணிகக் கப்பலிலோ பணிபுரிந்த ஒருவராக இருக்கும். அப்பணிக் காலத்திலேயே, ஆட்டம் தொடங்குமுன், அது இறந்துவிடுதலுங் கூடும். 34 வயதின் பின்னர் முதுமை உடல்வலுவைக் குறைக்கத் தொடங்கும். விண்கலத்தைக் கடனுக்கு வாங்கியவர், அதன் விலையில் 240இல் ஒரு பங்கை மாதந்தோறும் 480 மாதங்கள் செலுத்தவேண்டும். திரட்டலின் இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது. எனவே இதனை முற்போக்கானதென இலட்சியப்படுத்தல் தவறு. ஆயினும், மனிதனை முடிவின்றி ஏறிச்செல்பவனாகவன்றி, வயதாலும் கடனாலும் கடந்தகாலத்தாலும் வரையறுக்கப்பட்டவனாக அது நோக்கியது என்பது மனங்கொளத்தக்கது.

இவ்விரு மரபுகளுள் முன்னையதே கணினியில் வேரூன்றியது. இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிளேட்டோ' கணினித் தொகுதியில் 1975 அளவில் எழுதப்பட்ட விளையாட்டுகளும், 1981இல் வெளிவந்த 'விசார்ட்ரி', 'அல்டிமா' என்பனவும், 1986இல் யப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்'டும் இதற்குச் சான்று. மேசையில் ஆட்டத்தை நடத்துபவர் மனிதர். ஒரு செயலின் பொருளை அவர் எடைபோடுவார். பொறிக்கு எளிதானது எண்ணுதல். மேலும், புள்ளி சேர்ப்பதற்காக ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பச் செய்வதை ஆடுவோரே 'அரைத்தல்' எனப் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். ஓய்வுநேரமும் கூலியுழைப்பின் வடிவத்தை ஏற்றதை அச்சொல் உணர்த்துகின்றது.

இம்மரபின் உள்ளிருந்தே அதன் விமர்சனமும் எழுந்தது. டோபி ஃபொக்ஸ் உருவாக்கிய 'அன்டர்டேல்' (2015) வழமையான புள்ளிகளையும் படிநிலையையும் முதலிற் காட்டுகின்றது. அவை கொலையின் கணக்கும் வன்முறையின் அளவும் என்பது இறுதிக்கட்டத்திலேயே வெளிப்படுகின்றது. எவரையும் கொல்லாது ஆடுபவர் முடிவுவரை முதலாம் படிநிலையிலேயே நிற்பார். அவரது எண்கள் மாறுவதில்லை. பிறருடன் அவருக்குள்ள உறவே மாறுகின்றது. கதை முன்செல்வதும் அதனாலேயாம்.

படிநிலையை நீக்கிய மாத்திரத்தே ஒரு விளையாட்டு முற்போக்கானதாகிவிடாது என்பதை 'ட்ரவலர்' காட்டுகின்றது. நீக்கப்பட்டதன் இடத்தில் எத்தகைய மனித உறவு வைக்கப்படுகின்றது என்பதே வினா. வளர்ச்சியைத் தனியொருவரின் சேமிப்பாகக் காணும் கருத்துநிலை விளையாட்டிலே இயல்பானதாகப் பயிலப்படுமாயின், வாழ்விலும் அது இயல்பானதாகவே தோன்றும். இதனாலேயே இத்துறை ஆய்வாளர் கவனத்தை வேண்டிநிற்கின்றது.