மலட்டு மாத்திரையும் சொற்களை எண்ணும் இயந்திரமும்

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் கிடந்த கட்டியை 'மலட்டு மாத்திரை' என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. கதை மட்டும் முகநூலில் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்படியான பதிவைக் கணினி ஏன் இலகுவில் பிடிப்பதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பதில் பழைய வரலாற்றில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்கிந்தி, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியே இரகசியக் கடிதங்களை உடைக்க வழி சொன்னார். புதிய சான்று வரும்போது முந்தைய கணிப்பை எப்படித் திருத்துவது என்ற தோமஸ் பேய்ஸின் கட்டுரை, அவர் இறந்த பின் 1763இல் வெளிவந்தது. மின்னஞ்சல் குப்பைகளைப் பிரிக்கும் வடிகட்டிகள் பல இந்தக் கணக்கில்தான் ஓடின.

கணக்கு இதுதான். 1000 பதிவுகளில் 10 வெறுப்புப் பதிவுகள் என்று வையுங்கள். 'வெட்டு' என்ற சொல் அந்த 10இல் 4இலும், மீதி 990இல் 20இலும் வருகிறது. வயல் வெட்டும் காலமாக இருக்கலாம். அப்படியானால் 'வெட்டு' உள்ள 24 பதிவுகளில் 4தான் வெறுப்பு. அதாவது ஆறில் ஒன்று.

மாத்திரைக் கதையில் அந்தச் சொல்கூடத் தேவையில்லை. கறி, மாத்திரை, பிள்ளை: மூன்றும் வீட்டுச் சொற்கள். 'அவர்கள் நம் இனத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்' என்ற முடிவை எழுதியவர் எழுதுவதேயில்லை, வாசிப்பவரே போட்டுக்கொள்கிறார். சொல்லை மட்டும் எண்ணும் இயந்திரம் சொல்லாத வாதத்தை எப்படி எண்ணும்? இன்றைய பெரிய மாதிரிகள் சொற்களின் சூழலையும் பார்க்கின்றன, ஆனால் அதற்கு அந்த மொழியில் ஏராளமான எழுத்து வேண்டும். ஆங்கிலத்துக்கு இருக்கும் அளவு சிங்களத்துக்கும் இல்லை, தமிழுக்கும் இல்லை.

அன்று மனிதக் கண்களும் போதவில்லை. முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கிய சிங்களச் சாரதி மார்ச் தொடக்கத்தில் மரணித்ததும் திகன எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அரசு அவசரகாலச் சட்டம் போட்டு முகநூலை முடக்கியது. சிங்களம் தெரிந்த கண்காணிப்பாளர்கள் போதாது என்று நம் நாட்டு சிவில் அமைப்புகள் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதின. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.