அட்டவணை

பெயர்ச்சொல், பட்டியல், பொருளடக்கம். மூலம் மராத்தி ‘ஆட்டவண்’. அங்கே அதற்கு நினைவு என்று பொருள், அழகான பொருத்தம். இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சை அரண்மனை நூலகத்தில் மருத்துவம் உட்படப் பல துறைச் சுவடிகளைச் சேர்த்தார். எது எங்கே என்று தெரியாவிட்டால் ஓலைக்கட்டு விறகுக்குச் சமம். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல், அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்குத் துறைவாரியாகத் தொகுத்த அட்டவணை 1880-க்குள் லண்டனில் அச்சாகி முடிந்தது. அதே காலத்தில், 1879-இல், அமெரிக்காவில் மருத்துவக் கட்டுரைகளுக்கான ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ தொடங்கியது. இன்று மருத்துவ மாணவர்கள் தேடும் பப்மெட் அதன் வாரிசு. நாமோ இச்சொல்லைப் பள்ளிக் கால அட்டவணையோடு நிறுத்திவிட்டோம். ஆய்வேடு எழுதுவோர் ‘இன்டெக்ஸ்’ என்னும் இடத்தில் இதைத் தாராளமாக எழுதலாம்.