நினைவிற் கொண்ட பகடை

ஒருமுறை உருண்ட பகடையை மீண்டும் அவ்வாறே உருட்டுதல் மனிதர்க்கு இயலாது. கணனியோ அதனைச் செய்ய வல்லது. இவ்வாற்றலின் வரலாற்றை, வெலிமடை, பதுளைத் தோட்டத்து மக்கள் நன்கறிந்த தேயிலையிலிருந்தே தொடங்கலாம்.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் அறிஞர் பிஷருடன் பணியாற்றியவர் தோமஸ் ஈடன். அவர் பின்னர், 1925இல் நிறுவப்பெற்ற இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்து, தேயிலைப் பரிசோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றி 1931இல் எழுதினார். எந்த நிலத்துண்டுக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்திற்கு விடாது, எழுமாற்றாக, அதாவது திருவுளச்சீட்டு எடுப்பதுபோல், தீர்மானித்தல் வேண்டும் என்பது பிஷர் வகுத்த நெறி. தீர்மானித்ததை ஏட்டிற் பதிதலும் இன்றியமையாதது. பதிவு தவறின், கொழுந்து நிறுக்கும் நாளில் எவ்வுரம் பயன் தந்தது என்று எவராலும் கூறவியலாது.

1940களில் தோன்றிய கணனிகளுக்கு எழுமாற்றெண்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. அத்தனையையும் பதிந்துவைக்க அவற்றின் நினைவகத்தில் இடமில்லை. ஜோன் வொன் நொய்மன் ஒரு வழி கண்டார். 1234ஐ வர்க்கித்தால் 01522756. நடுவில் நிற்கும் 5227 அடுத்த எண். அதனை வர்க்கித்தால் 27321529, அடுத்தது 3215. பார்ப்பவர்க்கு ஒழுங்கற்ற வரிசையே. ஆயினும் 5227ஐ மட்டும் குறித்துவைத்தால், பின்வருவன யாவும் அவ்வாறே மீளும். இவ்வரிசை விரைவில் முடங்கிவிடும் குறையுடையதாதலின், பின்வந்தோர் வேறு முறைகளை வகுத்தனர். 1998இல் ஜப்பானிய அறிஞர் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் வெளியிட்ட முறையில் 624 எண்களையும், அவற்றுள் எதுவரை எடுத்தாயிற்று என்பதையும் குறித்தல் வேண்டும். தத்துவம் ஒன்றே.

கணனி விளையாட்டிலே இதன் பயன் தெளிவாகும். ஆட்டத்தைச் சேமித்துவைத்தவர், போரில் தோற்றவுடன் சேமித்த இடத்திற்கு மீண்டு, வெற்றி வரும்வரை பகடையை உருட்டிக்கொண்டே இருக்கலாம். எழுமாற்றெண்ணின் நிலையையும் உடன் சேமித்தால் அவ்வழி அடைபடும். அதே போரைத் தொடுப்பின் அதே முடிவே வரும். 2001இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன் 3’ இதனை ஆடுவோரின் தெரிவுக்கே விட்டது. விளையாட்டை ஆக்குவோர்க்கும் இது துணையாகும்: ஒருமுறை தோன்றி மறைந்த பிழையை மீண்டும் வரவழைத்துக் காணலாம்.

தற்செயலால் வந்த முடிவும் சோதிக்கத்தக்கதாக நிற்கவேண்டும். தேயிலை ஆய்வாளரின் ஏடும் கணனியின் சேமிப்பும் காப்பது இந்த நேர்மையையே.