நீரிழிவும் கெமிஸ்தமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆஸ்பத்திரிக் கிளினிக் ஒன்றின் வாங்கில் அமர்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் தமது துண்டை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, டொக்டர் டயபிற்றீஸ் எண்டு சொல்லுறார். அது என்ன வருத்தம்?”

“சலரோகம், ஆச்சி.”

“அட, சலரோகமே! எங்கட அப்புவுக்கும் இருந்தது. அப்ப சீனியைக் குறைக்கவேணும்.”

ஒரு சொல் மாறியதும் பயம் பாதி குறைந்துவிட்டது. அன்று முதல் வைத்தியச் சொற்களின் பிறப்பைத் தேடுவது எனக்கொரு பழக்கமாயிற்று.

டயபிற்றீஸ் கிரேக்கச் சொல். ‘ஊடாகக் கடந்து செல்லுதல்’ என்பது அதன் வேர்ப்பொருள். குடித்த நீர் உடம்பில் தங்காமல் கடந்து போய்விடுகிறது என்று அக்கால வைத்தியர்கள் கண்டார்கள். நமது ‘நீரிழிவு’ என்ற சொல்லைப் பாருங்கள். இங்கே இழிவு தாழ்வன்று. இழிதல் என்றால் இறங்குதல். நீர் இறங்கிப் போகும் நோய் நீரிழிவு. வடமொழியார் ‘மதுமேகம்’ என்றார்கள். இந்த மேகம் முகிலன்று, சிறுநீர். மது என்பது தேன். டயபிற்றீஸுடன் பின்னர் சேர்ந்த ‘மெலிற்றஸ்’ என்ற இலத்தீன் சொல்லும் தேனையே குறிக்கிறது. வெவ்வேறு மொழியினர் நோயாளியின் படுக்கையருகே நின்று ஒன்றையே கண்டிருக்கிறார்கள்.

சில சொற்கள் பழைய பிழைகளையும் சுமந்து வருகின்றன. மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’. நுளம்பின் உடலில் அந்நோய்க்கிருமியை றொனால்ட் றொஸ் கண்டது 1897இல். காற்று குற்றமற்றது என்று தெரிந்த பின்பும் பெயர் மாறவில்லை. 2016இல் மலேரியா அற்ற நாடென இலங்கை சான்று பெற்றது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

பிறமொழிச் சொற்களின் கதை இதுவென்றால், தமிழில் வைத்தியச் சொல் ஆக்கியவர்களின் கதை என்ன? அதற்கு மானிப்பாய்க்குப் போகவேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கை வந்தார். அடுத்த ஆண்டு மாணவருக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் கிராமத்தில் தங்கமாட்டார் என்பதை உணர்ந்து, 1864இல் தமிழிலேயே பாடம் நடத்த முற்பட்டார். கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என வெளிவந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியை விடவில்லை.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்த முறை எளியது. முதலில் தமிழில் தேடுதல், கிடையாவிட்டால் வடமொழியில் தேடுதல், அதுவும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைத்தல். அவருடைய நூல் வரிசையில் 1875இல் வந்த இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் ஆங்கிலேயரின் ‘கெமிஸ்ற்றி’யும் அரபு மொழியின் ‘அல்கீமியா’ வழியாக வந்த இரவல்தானே!

கெமிஸ்தம் நிலைக்கவில்லை, நம் பாடசாலைகளில் அது இரசாயனவியல். உடற்றொழிலியலுக்கு வழங்கிய ‘சுகரணம்’ என்ற சொல்லும் மறைந்துவிட்டது. இதனைத் தோல்வி என்று நான் கருதவில்லை. சொல்லை ஆக்குவது அறிஞர் வேலை. வைத்திருப்பதும் கைவிடுவதும் ஊரார் வேலை. ஆயினும் ஆக்குவார் இல்லாவிட்டால் ஊரார் எதைத் தெரிந்தெடுப்பார்கள்?

அந்த ஆச்சி எழுந்து போகும்போது, “உதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார். என்னிடம் சொன்னாலும், அது நம் எல்லோருக்கும் உரிய கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன்.