பொட்டி தட்டுறவன் எந்த வர்க்கம்?

மார்க்ஸோட 'மூலதனம்' மூணாவது தொகுதியில கடைசி அத்தியாயம், 52-வது. தலைப்பு 'வர்க்கங்கள்'. கூலிக்காரன், முதலாளி, நிலச்சொந்தக்காரன்னு மூணு பேரை வரிசையா நிறுத்திட்டு, ஒரு வர்க்கத்தை வர்க்கமாக்குறது எதுன்னு கேக்கிறார். வருமானம் வர்ற வழியை மட்டும் வெச்சுப் பார்த்தா டாக்டரும் அரசு அதிகாரியும் கூட தனித்தனி வர்க்கம் ஆயிடுவாங்களேன்னு தயங்குறார். அவ்வளவுதான், கையெழுத்துப் பிரதி அங்கேயே நின்னுபோச்சு. 1883-ல் அவர் இறந்து, 1894-ல் எங்கெல்ஸ் அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.

அதாவது வாத்தியார், குமாஸ்தா, என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க எல்லாரும் வாசல்லயே நிக்கிறோம் :-)

1848 அறிக்கையில இந்தக் குழப்பம் இல்லை. சின்ன கடைக்காரர், கைவினைஞர், குடியானவர் எல்லாம் படிப்படியா பாட்டாளிகளோட போய் விழுவாங்கன்னு அதுல தெளிவா இருக்கு. ஆனா பின்னாடி ரிக்கார்டோவை விமர்சிக்கும்போது, நடுவுல வளர்ந்துக்கிட்டே போற வர்க்கத்தை இவர் மறந்துட்டாரேன்னு மார்க்ஸே சொல்றார். 1899-ல் பெர்ன்ஸ்டைன் இதைப் பிடிச்சுக்கிட்டுதான் சண்டை போட்டார். 1970-களில் பூலான்ட்ஸாஸ் 'புதிய குட்டி முதலாளி வர்க்கம்'னார். எரிக் ஓலின் ரைட் 'முரண்பட்ட வர்க்க நிலை'ன்னார். அதாவது மேலே ஒருத்தன் மேய்க்கிறான், கீழே நாலு பேரை நாம மேய்க்கிறோம். டீம் லீடா இருந்த எவனுக்கும் இதை விளக்க வேணாம்.

விழுவான்னு சொன்ன கடைக்காரன் நம்மூர்ல என்ன செஞ்சான்? 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாச்சு. அதுக்கு முதல்ல ஆள் திரட்டினவங்க செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, ரெண்டு பேருமே வியாபாரிங்க. தலைவரா வந்த பி.பி.வாடியா பிரம்மஞான சபைக்காரர். கூட நின்ன திரு.வி.க. வாத்தியார் வேலையை விட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். தறி ஓட்டினவங்க யாரும் இந்தப் பட்டியல்ல இல்லை.

எங்க பக்கத்துக்கு வர்றேன். எனக்குச் சொந்த ஊர் பாரூர், போச்சம்பள்ளி வட்டம். பெரிய ஏரியும் மாந்தோப்பும்தான் ஊர். 1970-களில் ஓசூர்ல சிப்காட் வந்தது, 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது, அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள டைட்டன். டைட்டன் செஞ்சது புதுசு. சுத்துவட்டார கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல பிளஸ் டூ முடிச்ச பசங்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, கடிகாரம் செய்ய வெச்சாங்க. மானாவாரிக் குடும்பத்துல பொறந்தவன் மாசச் சம்பளம், பி.எஃப்., வீட்டுக் கடன்னு ஆனான். அவன் பையன் பி.இ. ஒரே தலைமுறையில விவசாயியா இருந்தவன் தொழிலாளி ஆகி, 'நடுத்தர வர்க்கமும்' ஆயிட்டான். 1848 அறிக்கை சொன்ன திசைக்கு நேர் எதிர்.

ஆனா ஆலைக்குள்ள யார் தொழிலாளின்னு முடிவு பண்ணது மார்க்ஸ் இல்லை, 1947 தொழிற்தகராறு சட்டம். அதுல மேனேஜர் தொழிலாளி கிடையாது. சூப்பர்வைசருக்கு 1984-லிருந்து மாசம் 1,600 ரூபாய்க்கு மேல சம்பளம்னா அவரும் கிடையாது. 2010-ல் அதை 10,000 ஆக்கினாங்க. 2020 தொழிலுறவுத் தொகுப்பு 18,000 ஆக்குச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் (கம்பெனி பேரு வேணாம்) சங்கத்துல துடிப்பா இருந்தார். திடீர்னு சூப்பர்வைசர் பதவி கொடுத்தாங்க. வீட்ல கேசரி கிண்டினாங்க. சங்கத்துல அவர் பேரை அடிச்சாங்க.

இதைவிட வேடிக்கை ஒண்ணு இருக்கு. 1978 பெங்களூர் குடிநீர் வாரிய வழக்குல கல்வி நிறுவனமும் 'தொழில்'தான்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 1988-ல் சுந்தராம்பாள் வழக்குல, ஆனா ஆசிரியர் 'தொழிலாளி' இல்லைன்னு அதே நீதிமன்றம் சொல்லுச்சு. பள்ளிக்கூடம் ஆலை, வாத்தியார் மட்டும் யாரோ!

நம்ம கதையும் அப்படித்தான். டிசிஎஸ் ஆட்குறைப்பின்போது 2015 ஜனவரியில, தானும் தொழிலாளிதான்னு ஒரு கர்ப்பிணிப் பெண் சென்னை உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைச்சது, நிறுவனம் பணிநீக்கத்தைத் திரும்ப எடுத்துக்கிச்சு. கேள்விக்குப் பதில் வரலை. 2016-ல் தமிழக அரசு, ஐடி நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள்லேர்ந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் வைக்கலாம்னு தெளிவுபடுத்துச்சு. அத்திப்பள்ளி தாண்டினா கதை வேற. கர்நாடகத்துல ஐடிக்கு நிலையாணைச் சட்டத்துலேர்ந்து கொடுத்த விலக்கை 2019-லும் 2024-லும் நீட்டினாங்க. ஓசூர்ல தூங்கி எலக்ட்ரானிக் சிட்டியில ஆணி புடுங்குறவன் தினமும் ரெண்டு சட்டத்தைக் கடந்து போய் வந்தான்.

என்னைக் கேட்டா, நம்மளப் பத்தி மார்க்ஸ் எழுதினது 52-ல் இல்லை, அதே தொகுதி 17-வது அத்தியாயத்துல இருக்கு. வணிக அலுவலகக் குமாஸ்தா பத்தின பகுதி அது. இப்போ அவனுக்கு நல்ல சம்பளம்; ஆனா பொதுக்கல்வி பரவப் பரவ, அவன் கத்துவெச்ச கணக்கும் மொழியும் எல்லாருக்கும் மலிவாக் கிடைக்கும், முன்னாடி உள்ளே வரமுடியாத வீட்டுப் பசங்களும் போட்டிக்கு வருவாங்க, சம்பளம் இறங்கும்னு சொல்றார். 1980-கள் நடுவுல எம்.ஜி.ஆர். ஆட்சியில சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அப்புறம் எண்ணிக்கை 500-ஐத் தாண்டுச்சு. எங்க வீட்லேர்ந்து நான் இன்ஜினியர் ஆனது அந்தக் கதவு வழியாத்தான். ஃப்ரெஷர் சம்பளம் வருஷக்கணக்கா ஏறாம நின்னதுக்கும் அதே கதவு ஒரு காரணம். ரெண்டும் ஒரே விஷயம்ங்கிறதை ஏத்துக்க எனக்குக் கொஞ்சம் கசப்பாத்தான் இருக்கு.

போன பொங்கலுக்கு ஊர்ல சித்தப்பா பையன் வந்தான். பி.இ. மெக்கானிக்கல், ஒரு ஆலையில அப்ரண்டிஸ். "அண்ணா, நான் ஸ்டாஃபா, ஒர்க்கரா?"ன்னான். 1961 அப்ரண்டிஸ் சட்டம் 18-வது பிரிவைக் காட்டினேன். பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. ரெண்டு தடவை படிச்சுட்டு, நைட் ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டான்.